இரண்டாம் தாளின் கடைசி வரி

என் மருமகள் தன் வண்டியைத் தெருமுனையில் திருப்பும் சத்தம் கேட்டாலே போதும், கடைத்தெருவில் இருக்கும் தராசுகள் எல்லாம் ஆசிரியை வருவதைப் பார்த்த பிள்ளைகள் போல நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். அதுவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்த முட்கள் கப்சிப்பென்று நடுவுக்கு வந்து நிற்கும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். இப்போது தராசுகளில் முள்ளே கிடையாது, சிவப்பு எண்கள்தான் ஓடுகின்றன. அவள் வண்டிச் சத்தம் கேட்டால் கடைக்காரர்களில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவதும் இல்லை, தேநீர் குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். மற்றபடி நான் சொல்வது அத்தனையும் உண்மை.

அவள் தராசு பழுது பார்ப்பவள். காய்கறிக் கடை, மருந்துக் கடை, நகைக் கடை, பழைய இரும்புக் கடை என்று எங்கே எதை எடை போட்டாலும் அந்தத் தராசின் வயிற்றுக்குள் ஒரு தடவையாவது அவள் திருப்புளி போயிருக்கும். பட்டறை என்பது நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஓர் அறை. அதில் இரண்டு பேர் நின்றால், மூன்றாவது ஆள் மூச்சை வெளியில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

அந்த அறையில் ஒரு மரப்பெட்டி உண்டு. பச்சைத் துணி விரித்த பள்ளங்களில் வரிசையாகச் சோதனைக் கற்கள். பித்தளையில் செய்தவைதான், ஆனாலும் பெயர் கல். வெறுங்கையால் தொட யாரையும் விட மாட்டாள். விரல் ஈரமும் எடைதான் என்பாள். ஒருநாள் நான் ஆசைப்பட்டு ஒன்றைத் தொட்டுவிட்டேன். "அத்தை, இன்னையிலேருந்து இந்தக் கல்லுல நீங்களும் கொஞ்சம் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, மெல்லிய துணியால் என்னை அதிலிருந்து துடைத்து எடுத்தாள்.

ஒரு கடைக்குள் நுழைந்ததும் அவள் செய்யும் முதல் வேலை எப்போதும் ஒன்றுதான். கடைக்காரர் எண்ணைக் காட்டி, "பாருங்கம்மா, பூஜ்யம் காட்டுது. சரியாத்தான் இருக்கு" என்பார். அவள் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கவே மாட்டாள். பெட்டியைத் திறந்து, எடை தெரிந்த கல் ஒன்றை எடுத்துத் தட்டில் வைப்பாள். "ஒண்ணும் வைக்காதப்ப ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்குத் தராசு எதுக்குங்க? அதை நானே சொல்லிடுவேனே."

பழக்கடைக்காரர் ஒருவர் புதுத் தராசு வாங்கிய கதை எங்கள் தெருவில் பிரபலம். எதை வைத்தாலும் பூஜ்யம். ஒரு முழுத் தர்ப்பூசணியை வைத்தும் பூஜ்யம். பழம் முழுக்க வெறும் தண்ணீர் போலிருக்கிறது என்று அவர் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததாக நான் சொல்வேன், அவர் மறுப்பார். விஷயம் இதுதான்: தராசை லாரியில் ஏற்றி அனுப்பும்போது உள்ளே இருப்பது ஆடி உடையாமல் இருக்க, தட்டுக்கு அடியில் ஒரு திருகாணியை முடுக்கிப் பூட்டி அனுப்புவார்கள். வாங்கியவர் அதைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் மலையைத் தூக்கி வைத்தாலும் தட்டு அசையாது. மருமகள் தர்ப்பூசணியை இறக்கி, ஒரு கிலோ கல்லை வைத்து, அதற்கும் பூஜ்யம் வந்ததும் தராசைக் கவிழ்த்துவிட்டாள். அரை நிமிட வேலை.

இப்படிப்பட்டவளுடைய மகள் வளராமல் நின்றுபோனாள்.

என் பேத்திக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் குண்டூசி என்று கூப்பிடுவோம். பேருந்து ஓட்டுநரான என் மகன் வைத்த பெயர். கையும் காலும் கம்பி. வயிறு மட்டும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பந்து போல உப்பி நிற்கும். பள்ளிப் பாவாடையை இரண்டு வருடமாகப் பிரித்துத் தைக்க வேண்டிய தேவையே வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் வயிறு கெடும். படிக்கட்டில் ஏறும்போது பாதியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போங்க, நான் அப்புறம் வரேன்" என்று பெரிய மனுஷி மாதிரி எங்களை அனுப்பிவைப்பாள்.

"நம்ம குடும்பமே ஒல்லி வாகும்மா" என்றேன் நான்.

மருமகள் என்னை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். "எந்தக் குடும்பம் அத்தை?"

"நான் சின்ன வயசுல இருந்ததைச் சொல்றேன்."

"அப்ப நீங்க பதினோரு மாசம் ஒரே எடையில நின்னீங்களா?"

பதினோரு மாதம் என்பது வாய்க்கு வந்த கணக்கு அல்ல. ஒவ்வொரு ஞாயிறு காலையும் வெறும் வயிற்றில் குண்டூசியைப் பட்டறைக்கு அழைத்துப்போய், சோதித்த தராசில் நிற்கவைத்து, எண்ணை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் எழுதுவாள். பதினாறு கிலோ இருநூறு. பதினாறு முந்நூறு. பதினாறு நூறு. மறுபடி பதினாறு இருநூறு. மற்ற வீடுகளில் பிள்ளை எடை ஏறாவிட்டால் தராசு சரியில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அந்த வழியும் இல்லை.

செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த குழந்தை மருத்துவரிடம் போனார்கள். டாக்டரம்மா நல்லவர், ஆனால் அவருடைய அறைக்கு வெளியே எப்போதும் நாற்பது பேர் இருமிக்கொண்டிருப்பார்கள். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மருந்து கொடுத்தார். மூன்று பாட்டில் முடிந்தும் ரத்தம் ஏறவில்லை. மூன்றாவது பாட்டில் காலியானபோது டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வயிறு எப்போது உப்பும், எது சாப்பிட்டால் கெடும், மலம் எப்படிப் போகிறது. பிறகு சொன்னார்: "செலியாக்னு ஒண்ணு இருக்கு. கோதுமை, பார்லி மாதிரி தானியத்துல குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கும். சிலரோட உடம்பு அதை எதிரின்னு நினைச்சு சண்டை போடும். சண்டையில அடி வாங்குறது தன்னோட குடல்தான். அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது. ரத்தத்துல பாத்துடலாம். அதுவரைக்கும் கோதுமையை நிறுத்திடாதீங்க, நிறுத்தினா ரத்தத்துல தெரியாமப் போயிடும்."

ரத்தம் எடுத்தார்கள். நான்காம் நாள் கிளினிக்கிலிருந்து நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ரிசல்ட் நெகட்டிவ்மா. செலியாக் இல்ல. டாக்டரம்மா சிரப்பையே தொடரச் சொன்னாங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

நான் கடவுளுக்கு நன்றி சொன்ன கையோடு கடைக்குப் போனேன். வெற்றியைக் கொண்டாட நான் வாங்கி வந்தது என்ன தெரியுமா? கேக். முழுக்கக் கோதுமை மாவில் செய்த கேக். குண்டூசி இரண்டு துண்டு சாப்பிட்டாள். மறுநாள் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை.

"நல்ல சேதி வந்தும் ஏம்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?" என்று மருமகளைக் கேட்டேன்.

"சேதி நல்லாத்தான் இருக்கு அத்தை. பிள்ளைதான் நல்லா இல்ல."

தொலைபேசியில் யாரோ சொன்னதை நம்பி அவள் எந்தத் தராசுக்கும் சான்று கொடுத்ததில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு நேரில் போய் அச்சடித்த தாள்களைக் கேட்டு வாங்கினாள். உறையில் இரண்டு தாள் இருந்தன. முதல் தாளில் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்று ஒரு பெயர், எதிரே அரை என்று ஒரு எண், பத்துக்குக் கீழே இருந்தால் நெகட்டிவ் என்ற குறிப்பு. தடித்த எழுத்தில் நெகட்டிவ். இரண்டாம் தாள் அதற்கு இரண்டு நாள் கழித்து அச்சடித்தது. அதில் ரத்த அணுக்கள், இரும்பு, உப்பு என்று ஒரு பட்டியல் ஓடி, கடைசி வரியில் மொத்த ஐ.ஜி.ஏ. என்று இருந்தது. ஐந்துக்கும் குறைவு. இருக்க வேண்டியது முப்பதிலிருந்து இருநூற்று முப்பது வரை.

கவுண்டரில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அவர்களுடைய உரையாடலை மருமகள் வந்து சொன்னபடி எழுதுகிறேன். அவளுக்குக் கூட்டிச் சொல்லும் பழக்கம் இல்லை.

"அண்ணே, இந்தக் கடைசி வரி என்னது?"

"அது வேற டெஸ்ட்டும்மா. நீங்க கேட்டது மொத தாள்ல இருக்கு. நெகட்டிவ். சந்தோஷமா போங்க."

"வேற டெஸ்ட்டுன்னா ஏன் சேர்த்து எடுத்தீங்க?"

"டாக்டர் எழுதியிருந்தாங்க, எடுத்தோம்."

"ஏன் எழுதினாங்க?"

"அதை அவங்களைத்தாம்மா கேக்கணும்."

"கேக்கத்தான் போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. மொத டெஸ்ட் பேருலயும் ஐ.ஜி.ஏ.ன்னு வருது. கடைசி வரியிலயும் ஐ.ஜி.ஏ.ன்னு வருது. ரெண்டும் ஒண்ணா?"

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "ஒண்ணுதான். அது ரத்தத்துல இருக்கிற ஒரு வகை எதிர்ப்புப் பொருள். மொத டெஸ்ட், அந்த வகையில குடலோட சண்டை போடுறது எவ்வளவுன்னு பாக்கும். கடைசி வரி, அந்த வகை மொத்தமா எவ்வளவு இருக்குன்னு பாக்கும்."

"மொத்தமே இல்லைங்குதே கடைசி வரி. அப்ப அதுல சண்டை போடுறவன் எத்தனை பேருன்னு தேடினா எப்படிண்ணே கிடைப்பான்?"

அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நான் ரத்தம் எடுக்கிற ஆளும்மா" என்றார். "ஆனா நீங்க டாக்டரைப் பாருங்க. கட்டாயம் பாருங்க."

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இரண்டு தாளையும் விரித்தாள். என் மகன் பணி முடிந்து வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"நெகட்டிவ்னுதானே போட்டிருக்கு? விடேன்."

"பழக்கடைக்காரர் தராசு ஞாபகம் இருக்கா?" என்றாள். "பூட்டைக் கழட்டாம பூஜ்யம் காட்டுச்சே, அந்தப் பூஜ்யம்தான் இது. இவளுக்கு நோய் இல்லன்னு இந்தத் தாள் சொல்லல. இருக்கா இல்லையான்னு சொல்ல இந்த டெஸ்ட்டால முடியலன்னு சொல்லுது. தெரிஞ்ச கல்லு வெக்கிற மாதிரிதான் டாக்டரம்மா மொத்த ஐ.ஜி.ஏ.வை எழுதியிருக்காங்க. வெச்ச கல்லுக்குத் தட்டு அசையவே இல்ல. அதை யாரும் பாக்கல."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "அப்ப ஒண்ணு பண்ணலாம். நாளையிலேருந்து கோதுமையை நிறுத்திப் பாப்போம். பிள்ளை தேறிட்டா அதுதான் காரணம். எங்க டிப்போவுல ஒருத்தர் அப்படித்தான் செஞ்சாராம்" என்றான்.

எனக்கும் அதுவே நல்ல யோசனையாகப் பட்டது. தலையை ஆட்டினேன்.

"கூடாது" என்றாள். குரல் உயரவில்லை. "நிறுத்திட்டா அப்புறம் எந்த டெஸ்ட்டும் உண்மையைச் சொல்லாது. இதுதான்னு ஆயிடுச்சுன்னா வாழ்நாள் பூரா இவ தட்டுல நாம கை வெக்கணும். பிறந்தநாள் கேக் கூடாது, பக்கத்துப் பிள்ளை டப்பாவுல கை விடக் கூடாது. அவ்வளவு பெரிய விஷயத்தை டிப்போக்காரர் சொன்னதை வெச்சு ஆரம்பிக்கச் சொல்றீங்களா? எனக்குத் தெரியணும். தெரிஞ்சுட்டு நிறுத்துறேன்."

மறுநாள் கிளினிக் வரவேற்பில் இருந்த பெண், முடிவு நெகட்டிவ் என்று வந்துவிட்டதே, மறுபடி எதற்கு என்று கேட்டாள். இரண்டாம் தாளோடு வந்திருக்கிறேன் என்றாள் மருமகள். மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண்.

"சரிம்மா, அந்தத் தேதியையும் எழுதிக்கோ. அதுவரைக்கும் தினமும் காலையில வந்து இந்த பெஞ்சுல உக்காந்திருக்கேன். யாராவது வராமப் போனா என்னைக் கூப்பிடு."

சொன்னபடி உட்கார்ந்தாள். இரண்டு நாள் யாரும் வராமல் போகவில்லை. அந்த இரண்டு நாளில் கிளினிக்கில் இருந்த எடை இயந்திரம், நாற்காலிகள், மின்விசிறி எல்லாவற்றையும் அவள் பழுது பார்த்துவிட்டதாகவும், இருமிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவளைப் பார்த்தே இருமலை நிறுத்திவிட்டதாகவும் நான் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். எடை இயந்திரம் மட்டும் உண்மை. நான்கு கால்களில் ஒன்று தரையில் படாமல் இருந்ததாம், திருகிச் சமப்படுத்தினாளாம்.

மூன்றாம் நாள் குண்டூசியோடு நானும் போனேன். ஒருவர் வரவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள்.

மருமகள் வணக்கம் சொன்னாள், இரண்டாம் தாளை மேசையில் வைத்தாள், கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தாள். டாக்டரம்மா படித்தார். கோப்பைப் புரட்டினார். கோப்பில் முதல் தாள் மட்டும்தான் இருந்தது.

"இது எனக்கு வரவே இல்லையே."

"ரெண்டு நாள் கழிச்சு அச்சடிச்சிருக்காங்க டாக்டர். தேதி மேல இருக்கு."

"நானே எழுதிட்டு, வந்ததான்னு நான் பாக்கலை." டாக்டரம்மா கொஞ்சம் சிவந்துபோனார். "தப்பு என்னோடதும்மா. நீங்க நினைக்கிறது சரி. சில பேர் உடம்பு பிறவியிலேயே ஐ.ஜி.ஏ.வைச் செய்யாது. பல நூறு பேர்ல ஒருத்தருக்கு இருக்கும், செலியாக் இருக்கிறவங்ககிட்ட இன்னும் அதிகமாவே இருக்கும். அவங்களுக்கு அந்த டெஸ்ட் எப்ப எடுத்தாலும் நெகட்டிவ்தான். ஐ.ஜி.ஜி.ன்னு இன்னொரு வகை இருக்கு. அதை வெச்சுத் தேடணும்."

"இன்னைக்கே எடுத்துக்கலாமா?"

"இன்னைக்கே எடுங்க."

குண்டூசி என் காதில், "மறுபடியும் ஊசியா?" என்றாள்.

"ஆமா."

"போன தடவை எடுத்த ரத்தத்தை என்ன பண்ணாங்க?"

"அது தப்பா பதில் சொல்லிடுச்சாம்."

"என் ரத்தம் ஒண்ணும் தப்பா சொல்லாது. அவங்கதான் தப்பா கேட்டிருப்பாங்க" என்றாள் குண்டூசி. டாக்டரம்மா காதில் விழுந்துவிட்டது. அவர் மறுக்கவில்லை.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. நூற்றுப் பதினெட்டு. இருபதுக்குள் இருக்க வேண்டியது. மருமகள் அந்தத் தாளை முழுவதும், இரண்டு பக்கமும், அடிக்குறிப்பு உட்படப் படித்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

நூற்றுப் பதினெட்டு வந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அதுதான் இல்லை. ஐ.ஜி.ஏ. உள்ள பிள்ளைகளுக்கு எண் மிக அதிகமாக இருந்தால் சில சமயம் ரத்தத்தோடு முடிவு சொல்லிவிடலாமாம். இவளுக்கு அப்படிச் சொல்லக் கூடாதாம். பெரிய மருத்துவமனையில், மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலிலிருந்து கடுகளவு எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு வாரமும் பிள்ளை தினமும் கோதுமை சாப்பிட்டாக வேண்டும்.

நான் வாழ்க்கையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தன் பிள்ளைக்கு ஆகாதது என்று முக்கால்வாசி தெரிந்த ஒன்றைத் தன் கையாலேயே தினமும் தட்டில் வைத்த ஒருத்தியை அதற்கு முன் பார்த்ததில்லை. காலையில் ஒரு துண்டு ரொட்டி, மாலையில் ஒரு துண்டு. வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். குண்டூசி சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். வயிறு வலிக்கிறது என்று பிள்ளை சுருண்டு படுத்தால் வெந்நீர்ப் பையை வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னும் முப்பத்தோரு நாள்டா. முப்பது நாள்டா" என்பாள். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவுவாள்.

என்னால் அது முடியவில்லை. ஒப்புக்கொள்கிறேன். மாலை ரொட்டி என் பொறுப்பாக இருந்த நாட்களில், குண்டூசிக்குச் சோறு கொடுத்துவிட்டு ரொட்டியை மொட்டைமாடிப் புறாக்களுக்குப் போட்டேன். நான்கு நாள் போட்டேன். ஐந்தாம் நாள் புறாக்கள் கொழுத்துப் போய்ப் பறக்க முடியாமல் மாடிப்படி வழியாக இறங்கிப் போயின என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் குண்டூசி கிட்டத்தட்ட அதையேதான் தன் அம்மாவிடம் சொன்னாள்.

"அம்மா, மாடியில புறா எல்லாம் என்னோட ரொட்டியைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு குண்டாயிடுச்சு."

மருமகள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"எத்தனை நாளா அத்தை?"

"நாலு நாள்தாம்மா. பிள்ளை அழறா. நான் என்ன கல்லா?"

"நான் கல்லா அத்தை?"

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க பாவம் பாத்து நிறுத்தினா, குடல் ஆற ஆரம்பிச்சுடும். குழாய் விட்டுப் பாக்கிறப்ப ஒண்ணும் பெருசா இல்லம்பாங்க. அப்ப இன்னொரு நெகட்டிவ். மறுபடியும் முதல்லேருந்து. இந்த ஆறு வாரத்தை இவளுக்கு ரெண்டாவது தடவை என்னால கொடுக்க முடியாது. ஒரே தடவைதான் அதுக்குத் தெம்பு இருக்கு."

பிறகு தொலைபேசியை எடுத்துப் பெரிய மருத்துவமனைக்கே கூப்பிட்டு, நான்கு நாள் மாலை ரொட்டி விட்டுப்போனதை மறைக்காமல் சொன்னாள். அங்கே இருந்த டாக்டர், காலை ரொட்டி நிற்கவில்லை அல்லவா, அது போதும், இனி எதையும் விட வேண்டாம் என்றார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "வீட்டுல ஒரு குழப்பம் ஆயிடுச்சு டாக்டர்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து மாலை ரொட்டியை நானே எதிரே உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கதை. இருபத்தாறு நாளில் நான் உலகத்தை மூன்று முறை சுற்றி வந்திருக்கிறேன், ஒரு முறை திமிங்கிலத்தின் மேல்.

அந்த நாளும் வந்தது. குண்டூசியைப் பச்சை உடுப்பில் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள். அரை மணி நேரம். மருமகள் நாற்காலியின் நுனியில், பைக்குள் எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது ஒரு தாளைக் கேட்டுவிட மாட்டார்களா என்பது போல.

பத்து நாள் கழித்துப் பெரிய மருத்துவமனை டாக்டர் எங்களை நேரில் வரவழைத்துச் சொன்னார். "புதுசா வாங்கின குளியல் துண்டுல நூல் நூலா நிக்கும் பாத்திருப்பீங்க. தண்ணியை உறிஞ்சுறது அதுதான். குடலுக்குள்ளயும் அப்படித்தான் நிக்கணும். உங்க பிள்ளைக்கு அது தேய்ஞ்சு வழுவழுன்னு ஆயிருக்கு. செலியாக்தான். சந்தேகமே இல்ல. கோதுமையை இன்னைக்கே நிறுத்திடலாம். நூல் எல்லாம் மறுபடியும் முளைக்கும்."

மருமகள் அப்போதுதான் அழுதாள். டாக்டர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். "ஒண்ணுமில்ல டாக்டர். தெரிஞ்சுடுச்சுல்ல" என்றாள்.

அன்று மாலையே சமையலறையைக் கவிழ்த்துப் போட்டாள். மாவு டப்பாக்கள் வெளியே போயின. பழைய மரக்கரண்டியும் ரொட்டி வாட்டும் கல்லும் போயின. கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் கூடைக்குள் போட மாட்டாள். குழந்தைகள் குடிக்கும் மால்ட் பானத்தில் பார்லி, சாக்லேட் பிஸ்கட்டில் கோதுமை, பள்ளியில் பொம்மை செய்யும் களிமண்ணில்கூடக் கோதுமை மாவு. வகுப்பு ஆசிரியையிடம் போய் அந்தக் களிமண்ணைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். ஆசிரியை முதலில் சிரித்தார், கடைசியில் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

எட்டு மாதம் ஆகிறது. அலமாரிக் கதவில் இருக்கும் தாளில் இப்போது எண்கள் ஏறுகின்றன. பதினாறு எண்ணூறு, பதினேழு நானூறு, போன ஞாயிறு பதினெட்டு அறுநூறு. பாவாடையின் மடிப்பை நான்தான் பிரித்துத் தைத்தேன். படிக்கட்டில் பாதியில் உட்காருவது இப்போது நான்.

போன மாதம் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். கவுண்டரில் அதே கண்ணாடிக்காரர். சீட்டில் ஐ.ஜி.ஜி. என்று எழுதியிருக்கிறதா என்று மருமகள் பார்ப்பதற்கு முன்பே அவர், "பாத்துட்டேம்மா, ஐ.ஜி.ஜி.தான்" என்றாராம். தாளும் வந்துவிட்டது. நூற்றுப் பதினெட்டாக இருந்த எண் பாதியாகக் குறைந்துவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது குண்டூசி என் தோளுக்குப் பின்னால் நின்று, சோள மாவு பிஸ்கட்டின் துகள்களை என் கழுத்தில் உதிர்த்துக்கொண்டே ஒவ்வொரு வரியாகப் படித்து வந்தாள். இந்த இடத்தில் அவள் விரல் தாளின் மேல் இறங்கியது.

"பாட்டி, பாதின்னு எழுதியிருக்கீங்க. எழுபத்தாறுதான் ஆகியிருக்கு. பாதின்னா அம்பத்தொம்பது வந்திருக்கணும். இருபதுக்குக் கீழ வர இன்னும் நாள் ஆகும்னு அம்மா சொன்னாங்க. மாத்தி எழுதுங்க."